கசந்த கஞ்சி

பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்தில் கிழவர் சுப்ரமணி செத்துப்போன விடியலில், அழுகைக்கு முன்னால் அடிச் சத்தம்தான் கேட்டது. மருமகள் அன்புசெல்வியை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு உறவுக்காரப் பெண்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்.ஐ. கவிநிலா ஜீப்பிலிருந்து குதித்து அவளை மீட்டாள். அன்புசெல்வியின் புருஷன் ஆகாஷ், தட்டாஞ்சாவடி மாத்திரை கம்பெனியின் நீலச் சட்டையோடு சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கஞ்சியில விஷம் வச்சுட்டா மேடம்!" என்று மாமியார் குஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "கசக்குது, கசக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. நான்தான் காதுல வாங்கல."

"எவ்ளோ நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"அந்த ஒரு மாசமும் எப்படி இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தாரு. முட்டி வலியால கடலுக்கே போவாத மனுசன் திரும்ப வலை இழுத்தாரு. நல்லா சாப்புட்டாரு. கன்னமெல்லாம் உருண்டையாயிடுச்சு. அப்புறந்தான் வயித்து வலி, இருமல், எச்சில்ல ரத்தம். இடுப்புல செவப்பா ஒரு கோடு வேற. காலையில ஒரு எடத்துல இருக்கும், மத்தியானம் நகர்ந்து போயிருக்கும். பூரான் கடின்னு நெனச்சோம்."

"கஞ்சி யார் குடுப்பா?"

"காய்ச்சுறது அவ. ராத்திரி அப்பனுக்குக் குடுக்குறது மட்டும் ஆகாஷு."

ஸ்டேஷனில் அன்புசெல்வி கிழிந்த உதட்டோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு வருவாரு மேடம். நான் செய்யலன்னு அவருக்குத் தெரியும்."

அவன் வரவில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஸமீஹா மறுநாள் கவிநிலாவை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நுரையீரல் துணுக்கு முழுக்க நூலைவிட மெல்லிய புழுக்கள்.

"விஷம் எதுவும் கிடைக்கல. இது ஒருவகை உருளைப்புழு. ஈர மண்ணுல வெறுங்காலோட நடந்தா தோலைத் துளைச்சு உள்ள போயிடும். இதோட குஞ்சுங்க வெளிய வராமலே அதே ஆளைத் திரும்பத் துளைக்கும். இருபது முப்பது வருஷம்கூட சத்தமில்லாம குடல்ல இருக்கும். நீங்க சொன்ன இடுப்புக் கோடு, புழு தோலுக்கடியில ஊர்ந்த தடம்."

"அத்தனை வருஷம் சும்மா இருந்தது இப்ப ஏன் கொன்னுது?"

"உடம்போட எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வச்சிருந்தது. அது போனதும் கணக்கில்லாம பெருகி, குடல் கிருமியையும் சுமந்துக்கிட்டு உடம்பு பூரா பரவிடுச்சு. சில நோய்ல அப்படி ஆகும். இல்லன்னா ஸ்டீராய்டு மருந்தால."

கவிநிலா நிமிர்ந்தாள். "ஸ்டீராய்டு சாப்பிட்டா கன்னம் உருண்டையாகுமா டாக்டர்?"

"ஆகும். வலி பறந்துடும், பசி எடுக்கும்."

"பொடிச்சுக் கஞ்சியில கலந்தா?"

"கசக்கும்."

அன்று மாலையே ஆகாஷைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

"உங்க அப்பா சாவுக்குக் காரணம் நீதான் ஆகாஷ். கன்னம் உருண்டையானதை ஊரே பார்த்துது. உடம்பு தேறிடுச்சுன்னு நெனச்சாங்க. அது மருந்து வீக்கம். மாத்திரையைக் கம்பெனியிலேர்ந்து எடுத்தியா?"

அவன் மறுக்கவில்லை. "முட்டி வலியில அழுவாரு மேடம். மாத்திரைன்னா தொடமாட்டாரு. அவரு நடக்கணும்னுதான்... புழு இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா மாத்திரைமேல சந்தேகம் எப்ப வந்துது?"

"ரத்தமா இருமினப்ப. கிளினிக்ல கேட்டாங்க, வேற மருந்து ஏதாச்சும் சாப்புடுறாரான்னு. வேலை போயிடும்னு பயந்து இல்லன்னுட்டேன்."

"அன்னிக்கு உண்மையைச் சொல்லியிருந்தா புழுவைத் தேடியிருப்பாங்க. அதுக்கு மருந்து இருக்கு." கவிநிலாவின் குரல் இறங்கியது. "சரி, உன் பொண்டாட்டியை அடிச்சாங்களே, அப்பவாவது வாயத் திறந்தியா?"

அவன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன்மேல் எந்தச் சட்டப் பிரிவைப் போட்டாலும், அப்போது வாய் திறக்காததற்கு எந்தப் பிரிவிலும் தண்டனை இல்லை என்று கவிநிலாவுக்குத் தெரியும்.

அன்புசெல்வியிடம் கவிநிலாவே போய்ச் சொன்னாள். அவள் அழவில்லை. "அப்ப, என்னைப் போட்டு அடிக்கும்போதே அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"பாத்துக்கினே இருந்தாரு மேடம்."

"வா, கொண்டு விடச் சொல்றேன். எங்க போற?"

"எனக்குன்னு ரெட்டியார்பாளையத்துல அக்கா மட்டும்தான் இருக்கா. நேத்து போன் போட்டேன். விஷம் வச்சவ என் வாசல மிதிக்காதன்னுட்டா."

"இப்பதான் உண்மை தெரிஞ்சிடுச்சே. நான் பேசறேன்."

"வேணாம் மேடம். அவ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு, எந்தப் பக்கம்மா என்று கேட்டார். திரும்பவும் கேட்டார். அவளுக்குச் சொல்ல ஓர் இடமும் இல்லை.