கருத்தேந்தி தங்கிய பன்னிரண்டு நாள்

"ஒழிச்சுடலாம்னு எழுதிக்கோ—"

"எழுதாதே! நான் இன்னும் பேசி முடிக்கல—"

"நீ பதினோரு நாளா பேசி முடிக்கல, வல்லி—"

"நீங்க பதினோரு நாளா காதுல வாங்கல!"

கணவன் மனைவி இருவருக்கும் நடுவில், சாப்பாட்டு மேசை ஓரமாக, கருத்தேந்தி நின்றுகொண்டிருந்தது. ஒரு கையில் அரசாங்கத்தின் பதிவுப் பலகை, இன்னொரு கையில் பாதி மடித்த துண்டு. காத்திருக்கிற நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று மூன்றாம் நாளிலிருந்தே அந்த இயந்திரம் இந்த வீட்டுத் துணிகளை மடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஐயா ஒழிக்கலாம் என்கிறார். அம்மா கூடாது என்கிறார். ஒத்த கருத்து இல்லை," என்றது அது, நாற்பத்து மூன்றாம் முறையாக, துளி அலுப்பும் இல்லாமல். "நான் காத்திருக்கிறேன்."

செவ்வாய்க் கிரகத்தின் செம்மேட்டுக் குடியிருப்பில் இது பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பருவம். கல்விக் கொள்கையை மாற்றவேண்டுமென்றால் பெற்றோரைக் கேட்டாக வேண்டும். கேட்பது என்றால், பழைய பூமி வழக்கம்போல வரைவை எங்கோ ஒரு மூலையில் வெளியிட்டு, முப்பது நாளுக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று அறிவித்து, நாலு பேர் எழுதியதும் 'பெற்றோரைக் கலந்தோம்' என்று கையெழுத்திட்டுவிடுவது அல்ல. வீட்டுக்கு ஒரு கருத்தேந்தி வரும். தாயும் தகப்பனும் ஒரே பதிலைச் சொல்லும்வரை அது வாசலைத் தாண்டாது. ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் வீட்டில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நாளும் ஊரே அவர்களைப் பொறாமையோடு பார்த்தது.

இந்த முறை கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பள்ளியில் தரவரிசைப் பட்டியல் வேண்டுமா, வேண்டாமா?

செம்மேட்டில் பிள்ளைகள் பாடம் படிப்பதில்லை. தூங்கப் போகும்போது காதுக்குப் பின்னால் கடுகளவு பாடவித்து ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். விடிந்ததும் வேதியியல் தெரிந்திருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் தெரியும். எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. அப்படியானால் முதலிடம் யாருக்கு? இந்தக் கவலையில் ஒரு தலைமுறைக்கு முன்னால் பெற்றோருக்குத் தூக்கமே போய்விட்டது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. பதில் சரியா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்த்தார்கள். நொடியை ஆயிரமாக வகுத்து இடம் போட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் தினமும் மதியம் நாலு மணி நேரம் விரைவுக் கூடத்தில் உட்கார்ந்து, தெரிந்ததையே இன்னும் வேகமாகச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

வல்லிக்கும் தணிகைவேலுக்கும் ஒரே மகள். நிலானி, பத்து வயது. இடம், மூவாயிரத்து எழுபது.

"பட்டியல் இல்லேன்னா இவ எப்படிப் படிக்கிறான்னு நான் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?" என்றாள் வல்லி. "போன வாரம் இவகிட்ட தண்ணியோட கொதிநிலை கேட்டிருக்காங்க. அரை நொடி எடுத்துக்கிட்டாளாம்! அரை நொடி! ஏன்டி லேட்டுன்னு கேட்டா, யோசிச்சேன்கிறா!"

"யோசிக்கல," என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. "எந்த ஊர்த் தண்ணின்னு பார்த்தேன். இங்க காத்து அழுத்தம் கம்மி. வெளியில வெச்சா உடனே கொதிச்சுடும்."

"கேட்டீங்களா? இப்படி ஒவ்வொண்ணுக்கும் பார்த்துக்கிட்டிருந்தா எங்க போய் உருப்படறது?"

தணிகைவேல் கருத்தேந்தியின் பக்கம் திரும்பினான். "இதைத்தான் சொல்றேன். பட்டியல் ஒரு நோய். போன பெற்றோர் கூட்டத்துல நான் பேசினப்போ எப்படிக் கைதட்டினாங்க தெரியுமா?"

"பதிவில் இருக்கிறது ஐயா. ஐம்பத்திரண்டு நொடி."

"பொன்னம்பலம் பேசினதுக்கு?"

"நாற்பத்தொன்பது."

தணிகைவேல் தலையை ஆட்டிக்கொண்டான். பொன்னம்பலம் என்றால் எதிர்வீட்டுக்காரர்.

அப்போது நிலானி வெளியே வந்தாள். மூச்சுக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூசிப்புயல் ஓய்ந்து, குடியிருப்புக்கு வெளியே மணல்மேடுகள் மூன்று மாதம் அசையாமல் கிடக்கும். அப்போதுதான் சிறுவர் சறுக்கு அணி எடுப்பார்கள். மதியம் முழுக்க ஓய்வாக இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இடம். பெயர் கொடுக்க நாளை மாலை ஆறு மணிவரை நேரம்.

"அம்மா, அடுத்த தடவைக்குள்ள எனக்குப் பன்னிரண்டு ஆயிடும். பன்னிரண்டு ஆனா சிறுவர் அணியில சேர்க்க மாட்டாங்க. உனக்கே தெரியும்."

"தெரியும்டி. ஆனா..."

"போன மாசம் நான் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். இந்த மாசம் மூவாயிரத்து எழுபது. இந்த ஒரு மாசத்துல என்கிட்ட என்ன மாறிப்போச்சு, நீயே சொல்லு. சொல்லிட்டா நான் கவசத்தைக் கொண்டுபோய் உள்ள வெச்சுடறேன்."

வல்லி மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திருப்பி நிறுத்திப் பின்பக்கமும் பார்த்தாள். கடைசியில் வாயைத் திறக்கச் சொன்னாள்.

"ஒரு கடைவாய்ப் பல்லு விழுந்திருக்கு," என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ! எழுதிக்கோப்பா. ஒழியட்டும் அந்தப் பட்டியல்."

"ஒத்த கருத்து," என்றது கருத்தேந்தி. பதினோரு நாளில் முதல்முறையாக அதன் நெற்றி விளக்கு பச்சையாக மாறியது.

நிலானி கவசத்தைத் தூக்கிப்போட்டுப் பிடித்தாள். தணிகைவேல் மனைவியின் முதுகில் தட்டிக்கொடுத்தான். "பார்த்தியா, இதுக்குப் பேர்தான் நாட்டு நலன்."

சட்டப்படி இன்னும் ஒரு சடங்கு பாக்கி. கிளம்புவதற்கு முன் கருத்தேந்தி ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, 'இணைப்பாகச் சொல்ல ஏதாவது உண்டா?' என்று கேட்க வேண்டும். மறுநாள் முடிவெல்லாம் வந்து முடியும்வரை அது அந்த வீட்டிலேயே இருக்கும்.

தணிகைவேல் சுத்திகரிப்பானில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அது கேட்டது. அவன் குழாயைச் சற்று அதிகமாகத் திறந்துவிட்டான், சத்தத்துக்காக.

"கொள்கை கொள்கைதான். அதுல மாத்தமில்ல. ஊர் முழுக்க ஒழியணும். ஆனா எங்க வீட்டுக்கு மட்டும்... சும்மா ஒரு தகவலுக்கு... இவளை மட்டும் அந்தக் கூடத்துல உட்கார வெச்சு, இடம் என்னன்னு எங்கிட்ட மட்டும் சொல்ல முடியுமா?"

"விலக்கு விண்ணப்பம். பதிவாயிற்று."

"வல்லிக்குத் தெரிய வேண்டாம். இப்பத்தான் மனசு மாறியிருக்கா, பாவம்."

வல்லி பாசிமாவில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியை அது கேட்டு முடிப்பதற்குள் கரண்டியை நீட்டி அதன் பேச்சை நிறுத்தினாள். "எல்லாரும் விட்டுட்ட நேரத்துல இவ மட்டும் பழகினா சட்டுனு மேல வந்துடுவா இல்ல? போட்டுக்கோ. அவர்கிட்ட மூச்சு விடாதே, லட்சியவாதி, தாங்கமாட்டார்."

"பதிவாயிற்று அம்மா. தோசை கருகுகிறது."

மறுநாள், பன்னிரண்டாம் நாள், நாலு மணிக்குச் சுவர்த்திரைகளில் முடிவு வந்தது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டன: பட்டியல் வேண்டாம். வரலாற்றிலேயே முதல்முறை என்றார் அறிவிப்பாளர். நடைகூடமெல்லாம் கைதட்டல். பொன்னம்பலம் தட்டு நிறைய இனிப்போடு வந்து தணிகைவேலைக் கட்டிக்கொண்டார். "உங்க பேச்சுதான் சார் எங்க கண்ணைத் திறந்துச்சு." "சேச்சே, உங்களோடது." அவர் மகன் சீராளனும் நிலானியும் கவசத்தை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சறுக்குப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி ஓடினார்கள்.

ஐந்தரைக்குச் சுவர்த்திரை மறுபடி விழித்தது. இணைப்பு முடிவுகள்.

விலக்குக் கோரிய வீடுகள்: நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. பெற்றோர் சொல்லே இறுதி என்பதால் அத்தனையும் ஏற்கப்பட்டன. விலக்குப் பெற்ற பிள்ளைகள் நாளை மதியம் வழக்கம்போல விரைவுக் கூடத்துக்கு வர வேண்டும். பட்டியல் ஒழிக்கப்பட்டுவிட்டதால், அது இனி விலக்குப் பட்டியல் எனப்படும்.

நடைகூடத்தில் சத்தம் அடங்கியது. பொன்னம்பலம் இனிப்புத் தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல வீட்டுக்குள் போனார்.

வல்லி கணவனைப் பார்த்தாள். கணவன் சுத்திகரிப்பானைப் பார்த்தான்.

"நீங்களுமா?"

"நீயுமா?"

"லட்சியவாதின்னு நெனச்சு நான் பயந்தேன்!"

"பாவம் மனசு மாறிட்டாளேன்னு நான் உருகினேன்!"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிலானி சிரிக்கவில்லை.

"மணி ஐந்து நாற்பது. நான் பேர் குடுக்கலாமா, கூடாதா?"

"வழி இருக்கிறது," என்றது கருத்தேந்தி. மடித்த துணிகளை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பதிவுப் பலகையை நீட்டியது. "ஆறு மணிக்குள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அம்மாவும் ஐயாவும் ஒரே நேரத்தில் கட்டைவிரல் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் இந்தப் பிள்ளைக்குப் பட்டியல் கிடையாது. மதியம் அவளுடையது."

"அவ்வளவுதானே? வாங்க," என்றாள் வல்லி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "ஊர்ல ஒரு பிள்ளையாவது ஒழுங்கா விளையாடட்டும்."

"இதுல என்ன யோசனை?" என்று தணிகைவேலும் கையை நீட்டினான்.

இரண்டு கட்டைவிரல்களும் பலகைக்கு மேலே வந்து நின்றன. நிலானி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மணி ஐந்து ஐம்பத்தைந்து.

தணிகைவேலின் பார்வை தற்செயலாகத்தான் ஜன்னலுக்குப் போனது. எதிர்வீட்டு ஜன்னலிலும் ஒரு பதிவுப் பலகை தெரிந்தது. அதற்கு மேலே அந்தரத்தில் இரண்டு கட்டைவிரல்கள். பொன்னம்பலமும் அவர் மனைவியும் கழுத்தை எக்கி, கண்ணிமைக்காமல், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தணிகைவேல் குரலைத் தாழ்த்தினான்.

"முதல்ல அவங்க வெக்கட்டும் வல்லி... வெச்ச உடனே நாமளும் வெச்சுடலாம், என்ன?"