பொத்தான் திறக்காத உறை

"ஐயா, சாயங்காலத்துக்குள்ள துப்பாக்கி கிடைக்கலன்னா எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிடுவாங்க!"

துப்பறிபவரின் வாசலில் மூச்சிரைக்க நின்றவர், படப்பிடிப்பில் ஆயுதங்களுக்குப் பொறுப்பாளர். எடுப்பது கௌபாய் படம். நாயகருக்காகவே செய்த, சத்தம் மட்டும் போடும் இரும்புத் துப்பாக்கியைக் காணோம்.

"காலையில அவர் கையிலதான் கொடுத்தேன். போன் பேசிக்கிட்டே வாங்கினார். இப்போ கொடுக்கவே இல்லைங்கறார். உறை காலியா தொங்குது!"

ஊரே 'நிதானம்' என்று அழைக்கும் துப்பறிபவர், தேநீரை முடித்த பிறகுதான் எழுந்தார். அதற்குள் அவருடைய மச்சினன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கே போய்விட்டான். ஆர்வத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. அறிவைப் பற்றி அவன் அக்காவே பேசுவதில்லை.

ஒப்பனை அறையில் நாயகர் நீண்ட மேலங்கியோடு நாற்காலி நுனியில், சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சுவரெங்கும் அவருடைய பழைய தாதா படங்களின் சுவரொட்டிகள். நிதானம் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். மூலையில் வில்லனாக நடிப்பவன் முழு ஒப்பனையோடு நின்றிருந்தான்.

"மாமா, வில்லன்தான் எடுத்திருக்கான்! மூஞ்சியைப் பாருங்க," என்று மச்சினன் காதைக் கடித்தான்.

"அது ஒப்பனைடா. சும்மா இரு."

நிதானம் குனிந்து நாயகரின் இடுப்பு உறையைப் பார்த்தார். "இந்தப் பொத்தானை யார் போட்டது?"

"நான்தாங்க, நேத்து," என்றார் பொறுப்பாளர். "புதுத் தோல். ஒரு தடவை திறந்தாலே மூடியில மடிப்பு விழும்."

மடிப்பு எதுவும் இல்லை. நிதானம் வில்லனிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, நாயகரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"எடுடா துப்பாக்கியை!" என்று வில்லன் திடீரெனக் கர்ஜித்தான்.

நாயகரின் கை உறைப் பக்கமே போகவில்லை. மேலங்கிக்குள் பாய்ந்து, முதுகுப்பக்க இடுப்பிலிருந்து துப்பாக்கியோடு வெளியே வந்தது. அதைப் பார்த்து அவரே வாயைப் பிளந்தார்.

"பொத்தான் திறக்கல. அப்போ துப்பாக்கி உறைக்குள்ள போகவே இல்ல," என்றார் நிதானம். "சுவத்தைப் பாருங்க. எந்தத் தாதாவுக்கும் உறை கிடையாது. எல்லாருமே முதுகுப் பக்கம் செருகியிருக்காங்க. பழக்கதோஷம்."

"இரும்பு உறுத்தியிருக்காதா மாமா?" என்றான் மச்சினன். வாழ்நாளில் அவன் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது.

நிதானம் நாயகரை ஓரமாக அழைத்துப் போனார். "தொப்பையை அமுக்க இறுக்கமா பட்டை கட்டியிருக்கீங்க. அதான் சாயவும் முடியல, உறுத்தலும் தெரியல."

"ஐயோ, மெதுவா பேசுங்க! வெளிய தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

"பொறுப்பாளரோட மானம் காலையிலேயே ஏறிடுச்சு. முதல்ல அதை இறக்குங்க."

நாயகருக்கு உண்மையாகவே வெட்கமாகிவிட்டது. எல்லோர் முன்னாலும் துப்பாக்கியைப் பொறுப்பாளரிடம் நீட்டினார். "தப்பு என்னோடதுண்ணே. மன்னிச்சுடுங்க," என்று நன்றாகக் குனிந்து கும்பிட்டார்.

'டப்' என்று உள்ளே ஏதோ அறுந்தது. மேலங்கி முன்பக்கம் மெல்ல உப்பத் தொடங்கியது. எல்லாத் தலைகளும் திரும்பின.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பொறுப்பாளர், சட்டென்று நாயகருக்கு முன்னால் வந்து மறைத்து நின்றார்.

"பயப்படாதீங்க," என்றார், கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டி. "துப்பாக்கிதான் வெடிச்சுது."