கண்ணடித்த மீட்டர்

ராஜபாளையத்தில் ஹபீப் ரகுமான் வீட்டில் ஒரு வாரமாக இரவுச் சாப்பாடு அரை இருட்டில்தான் நடந்தது. அடுப்படி விளக்கு மட்டும் எரியும். அதன் வெளிச்சம் எட்டிப் பார்க்கிற இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். ஆறு வயது ரியாஸ், உருளைக்கிழங்கு என்று நினைத்து இஞ்சித் துண்டைக் கடித்துவிட்டுத் துள்ளிக் குதித்தான்.

எல்லாம் கரண்ட் பில் செய்த வேலை. இந்த முறை அது வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலே வந்திருந்தது. அன்றிலிருந்து அத்தா ஹபீப் ரகுமானின் விரல் சுவிட்சைத் தேடிக்கொண்டே அலைந்தது. ஆள் இருக்கிற அறையிலேயே ஃபேனை நிறுத்தினார். ரியாஸ் குளித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்தார்.

“அத்தா, நான் உள்ள இருக்கேன்!”

“இருந்தா என்னலே? உன் முதுகு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா? தேய்ச்சுட்டு வா!”

இதோடு நின்றிருந்தால் ரியாஸின் அக்கா சப்ரீனும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற அவளுக்கு இப்போது சிரிப்பே வரவில்லை. ஏனென்றால், பழி முழுக்க அம்மாவின் தையல் மிஷின் தலையில் விழுந்திருந்தது.

மோட்டார் வைத்த மிஷின் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாண்டிதுரை என்பவர் கடையில் பழையதாக வாங்கியது. அது வந்த பிறகு அம்மா நூர்பானு வீட்டிலேயே நைட்டி தைக்கத் தொடங்கினார். தெருவே அவரை ‘டெய்லர் அக்கா’ என்று கூப்பிட்டது. அப்படி யாராவது கூப்பிட்டால் அம்மாவின் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சந்தோஷம் வரும். அதைப் பார்க்க சப்ரீனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

“மிஷின் வந்த பொறவுதான பில் ஏறுச்சு? வேற எதுவும் புதுசா வாங்கலையே,” என்றார் அத்தா. “எனக்கு மட்டும் இதைத் திருப்பிக் குடுக்க ஆசையா? நீ தைக்கிற காசு அம்புட்டும் கரண்டுக்கே போனா எப்படி?”

அம்மாவும் கணக்குப் போட்டுப் பார்த்தார். அத்தா சொன்னது சரியாகத்தானே இருக்கிறது! மிஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி பாண்டிதுரைக்குப் போன் போட்டாயிற்று. அவரும் சனிக்கிழமை காலையில் லோடு ஆட்டோவோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமையும் வந்தது. அம்மா மிஷினை எண்ணெய் போட்டுத் துடைத்து, துணி போர்த்தி வைத்தார். போகிற பிள்ளைக்குத் தலைவாரி விடுவதுபோல மெதுவாகச் செய்தார். பிறகு அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். சப்ரீன் அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே வந்தாள்.

வாசல் பக்கம் ரியாஸ் யாரையோ முறைத்துக்கொண்டு நின்றான்.

“யாரலே முறைக்க?”

“இந்த மீட்டரைத்தான். என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. நானும் கண்ணடிச்சேன். நிறுத்த மாட்டேங்குது.”

சப்ரீன் அண்ணாந்து பார்த்தாள். மீட்டர் பெட்டிக்குள் சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. கரண்ட் செலவானால்தான் அது மின்னும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால், இப்போது என்ன செலவாகிறது? விளக்கு இல்லை. ஃபேன் இல்லை. டிவி இல்லை. மிஷின் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

“பிறகு நீ ஏன் கண்ணடிக்கிறே?” என்று அவளும் மீட்டரிடமே கேட்டாள்.

வீட்டுக்குள் காது கொடுத்தாள். ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல். மூலையில் நின்ற ஃபிரிட்ஜ்தான் அது. நேற்றும் முனகியது. முந்தாநாளும் முனகியது. பழகிப்போனதால் யாருக்கும் அது கேட்பதே இல்லை. இது எப்போதுதான் வாயை மூடும்?

அந்த நேரம் பார்த்து வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது.

“பாய், மிஷினை ஏத்திரலாமா?” என்றபடி பாண்டிதுரை இறங்கினார். அவரும் அத்தாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷினைத் தூக்கினார்கள்.

“அத்தா, செத்த நேரம் கீழ வைங்க!” சப்ரீன் குறுக்கே போய் நின்றாள். “மிஷின்தான் கரண்டைத் திங்குதான்னு பார்ப்போம். ஒரே ஒரு தடவை.”

“வெளையாடாத ஏட்டி. அவிய ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வேலையை விட்டுட்டு வந்திருக்காக.”

“பிள்ளை கேக்குதுல்ல. பார்த்துட்டே ஏத்துவோம்,” என்றார் பாண்டிதுரை. கனமான மிஷினைக் கீழே வைக்க அவருக்கும் ஒரு சாக்குக் கிடைத்தது.

சப்ரீன் ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்தாள்.

“நின்னுருச்சு! தூங்கிருச்சு!” என்று மீட்டருக்குக் கீழே இருந்து ரியாஸ் கத்தினான்.

“இப்ப தைங்கம்மா.”

அம்மா மிஷினுக்குக் கரண்ட் கொடுத்து, ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தார். மிஷின் தடதடவென்று ஓடியது. “கண்ணடிக்குது!” என்றான் ரியாஸ். அம்மா காலை எடுத்தார். “தூங்கிருச்சு!”

“பார்த்தீங்களா அத்தா? அம்மா மிதிச்சாத்தான் இது ஓடும். ஃபிரிட்ஜை யாரு மிதிக்கா? அது பகலும் ராத்திரியும் ஓயாம ஓடுதே!”

அத்தா தாடியைத் தடவினார். “ஃபிரிட்ஜ் நம்மகிட்ட வருஷக்கணக்கா இருக்கே. இத்தனை நாள் இல்லாம இப்ப மட்டும் என்ன?”

அது நியாயமான கேள்விதான். ஃபிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கலாம் என்றால், சுற்றவே முடியவில்லை. அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னே அப்படி இல்லையே!

“அம்மா, இதை எப்ப இங்க தள்ளினோம்?”

“மிஷினுக்கு இடம் வேணும்னு தள்ளினோம்ல,” என்ற அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, அத்தாவும் பாண்டிதுரையும் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தார்கள். எல்லோரும் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

ஃபிரிட்ஜின் முதுகில் இருக்க வேண்டிய கறுப்புக் கம்பிகளைக் காணவே காணோம். நைட்டித் துணியிலிருந்து பறந்த பஞ்சும் பிசிரும் அவற்றின்மேல் கனமாகப் படிந்திருந்தன. ரோஸ், நீலம், மஞ்சள் என்று எல்லா நிறமும் இருந்தது.

“ஃபிரிட்ஜுக்கு யாரு அக்கா ஸ்வெட்டர் போட்டா?” என்று கேட்டான் ரியாஸ்.

“அட ஆமா!” என்றார் அத்தா. “உள்ள இருக்கிற சூடு இந்தக் கம்பி வழியாத்தான வெளிய போகணும்? போறதுக்கு வழியே இல்லையே. பாவம், அதான் மூச்சு முட்ட ஓடியிருக்கு.”

“குளிர் பத்தலையேன்னு நான் வேற உள்ள இருக்கிற திருகைக் கடைசி வரைக்கும் திருகி வச்சேன்,” என்று அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சப்ரீன் பழைய பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து வந்து கம்பிகளைத் தேய்த்தாள். ஒரு முறம் நிறையப் பஞ்சு வந்தது. அத்தா தும்மினார். பாண்டிதுரை அதைவிடப் பெரிதாகத் தும்மினார். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, குளிருக்கான திருகை நடு அளவுக்குத் திருப்பி, மறுபடி சுவிட்சைப் போட்டார்கள்.

‘ம்ம்ம்ம்’ என்று அது பழைய பாட்டையே பாடியது. குளிர் போதுமானதும் அது தானாக நிற்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அம்மா டீ போட்டுக் கொடுத்தார். டீ தீர்ந்தது. முனகல் தீரவில்லை. பாண்டிதுரை ஒருமுறை ஆட்டோவைப் பார்த்தார், ஒருமுறை மிஷினைப் பார்த்தார். சப்ரீன் ஃபிரிட்ஜை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிறுத்தேன், தயவுசெய்து நிறுத்தேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மதியம் நெருங்கும்போது, ‘டக்’ என்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜ் லேசாகக் குலுங்கி அடங்கியது.

வீடு அப்படியே அமைதியானது. தெருக்கோடியில் சைக்கிள் மணி அடிப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. இந்த வீட்டில் இவ்வளவு அமைதி உண்டு என்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள்.

“தூங்கிருச்சு!” என்று ரியாஸ் ரகசியக் குரலில் சொன்னான்.

சப்ரீனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அத்தா அவள் தலையில் கை வைத்து, அம்மாவைப் பார்த்தார். “நான்தான் அவசரப்பட்டுட்டேன், நூரு. மிஷின் இருக்கட்டும். பஞ்சை மட்டும் வாராவாரம் நான் தட்டி விடுதேன்.”

“அப்ப எனக்கு வேலை மிச்சம் பாய்!” என்று பாண்டிதுரை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “வாரேன் தங்கச்சி. நல்லா தைங்க.”

அத்தா மிஷினை இழுத்து அதன் இடத்தில் நிறுத்தினார். அம்மா போனை எடுத்து, தைக்கத் துணி கொடுக்கிற சுடலைமாடத்தியைக் கூப்பிட்டார்.

“அக்கா, இனிமே தைக்க முடியாதுன்னு நேத்து சொன்னேன்ல? அதை மறந்துருங்க. துணிக்கட்டை அனுப்பி வைங்க.” கொஞ்சம் நிறுத்தி, சப்ரீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒண்ணு பத்தாது, ரெண்டா அனுப்புங்க.”