மிஷன் சுண்ணாம்பு

புது வெள்ளையடித்த சுவரில் பால் வாடை வந்தது. பசும்பால் இல்லை, கைக்குழந்தை கக்கி, துணியிலே காய்ந்துபோன பால்.

மூக்கைச் சுவரோடு ஒட்டி நின்ற ரெபேக்காளைப் பார்த்துப் புருஷன் மோசஸ் சிரித்தான். "இன்னாமே, சொவுத்துக்கு முத்தம் குட்த்துகினு கீற?" மாசமாக இருப்பவளுக்கு எல்லாம்தான் மணக்கும் என்று பக்கத்து வீட்டு அம்சாவும் சொல்லிவிட்டுப் போனாள். அம்சாவுக்கு வயிற்றெரிச்சல். ஓட்டு வீடு, புருஷனுக்கு மேஸ்திரி வேலை என்று எல்லாம் இவளுக்கே முதலில் கிடைத்தால் யாருக்குத்தான் எரியாது?

கிடைத்த கதையைக் குப்பமே அறியும், வாயைத்தான் திறக்காது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே முள்ளும் முளைக்காத மணல்காட்டில் தொழில் வளர்க்கிறேன் என்று எழுபத்துமூன்றில் பாதிரியார், மிஷன் ஐயர், வந்திறங்கினார். மணலைத் தோண்டிச் சிப்பி சலித்து, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, செங்கல்பட்டுக்கு லாரி ஏற்ற வேண்டும். நல்ல மனுஷர். தோண்டும் முன், இங்கே யாரையாவது புதைத்திருக்கிறீர்களா என்று கேட்கவும் கேட்டார். பால்குடி மறக்காத பிள்ளைகளைக் கல் நடாமல் அந்த மேட்டில்தான் புதைப்பார்கள். அப்போது பூவாயியாக இருந்த ரெபேக்காளும் தன் முதல் பெண்ணை அங்கேதான் வைத்திருந்தாள்.

"வெறும் சிப்பிதான், சாமி," என்றாள். வேலை வந்தால் போதுமென்று மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு ஞானஸ்நானம், புதுப் பெயர், அந்தச் சுண்ணாம்பாலேயே வெள்ளையடித்த வீடு. சல்லடை பிடித்தவளும் அவளே. வெள்ளையாக வந்ததெல்லாம் காளவாய்க்குள் போயிற்று. எது சிப்பி, எது பிஞ்சு விரல் என்று அவள் குனிந்து பார்க்கவில்லை.

சுவரை முகர்ந்த அன்றே சாயங்காலம் மழை பிடித்தது. மோசஸ் காளவாய்க்குத் தார்ப்பாய் போர்த்தப் போயிருந்தான். ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம், கடலின் உறுமல், இரண்டுக்கும் அடியில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற மாதிரி இன்னொரு சின்னச் சத்தம். அது வெளியிலிருந்து வரவில்லை என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ரவிக்கை நனைந்திருந்தது. ஏழாம் மாதத்தில் பாலா?

அரிக்கேன் விளக்கை எடுக்கத் திரும்பினாள். ஈரச் சுவரில் மார்பு உரசியது.

ஒட்டிக்கொண்டது.

இழுத்தாள். வரவில்லை. சுவர் இழுத்தது. மெதுவாக. பழகின இழுப்பு. கொஞ்சம் குடித்து, மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி. அவள் பெண் அப்படித்தான் குடிப்பாள்.

"கண்ணு, வுட்ரு," என்றாள். "அம்மாடி."

பால் தீர்ந்தது. இழுப்பு நிற்கவில்லை. வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருந்தது, உதைப்பதை நிறுத்தியது.

மற்ற மூன்று சுவர்களிலும், மார்பு உயரத்தில், சின்னச் சின்ன வட்டக் குழிகள். ஈரமாக. திறந்து. மூடி. திறந்து.