நினைத்தால் ஓடும் பம்பு

ஆணையர் முனைவர் பூபதிராஜன் பள்ளி நீச்சல்குளத்துப் பம்பின் முன்னால் கண்களை மூடி வெகுநேரம் நின்றார். பம்பு அசையவில்லை. விழாவுக்கான ஒத்திகைதான் என்றாலும் பள்ளித் தாளாளர் வைரவனுக்குச் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

"ஐயா, கொஞ்சம் பம்பை நினைச்சுக்கிட்டா..."

"அதைத்தானேய்யா நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் ஆணையர், புகைப்படக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தபடி.

கவனத்துறையின் ஆணையரே அவர்தான். ஆபத்தான எந்த இயந்திரமும் அருகில் ஒருவர் அதையே கவனித்துக்கொண்டிருந்தால் மட்டும் ஓட வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்த துறை அது. ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு 'கவனவிழி' இருக்கும். நாலடிக்குள் நிற்பவரின் நெற்றியைப் படித்து, மனம் தன்மேல் இருந்தால் ஓடும்; மனம் வேறு பக்கம் போனால் நின்றுவிடும். கிரைண்டர்கூட சட்டினியை மறந்து சீரியலை நினைத்தால் நின்றுவிடுகிற காலம். கவனம் போனால் தானாக நிற்கப்போகிற எந்திரத்துக்கு சுவிட்ச் எதற்கு என்று துறை அதையும் பிடுங்கிவிட்டிருந்தது.

வைரவன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். விழாவன்று ஆணையர் குளக்கரை மேடையில் கையை உயர்த்துவார். பம்பு அறைக்குள் அங்கயற்கண்ணி டீச்சர் உட்கார்ந்து நிஜமாகவே பம்பைக் கவனிப்பார். வெளியே யாருக்கும் தெரியாது.

அங்கயற்கண்ணி உடற்கல்வி ஆசிரியை. பம்பு உரிமமும் உயிர்காப்புப் பயிற்சியும் அந்தப் பள்ளியில் அவளுக்கு மட்டுமே இருந்தன.

"நான் உள்ள உட்கார்ந்தா, தண்ணியில எறங்குற பிள்ளைங்களை யார் சார் பாக்குறது?"

"நாங்க எரநூறு பேர் கரையில நிப்போமே டீச்சர்!"

"நீங்க எரநூறு பேரும் ஐயாவைத்தானே சார் பாப்பீங்க?"

வைரவன் சிரித்தார். அது மறுப்பு இல்லை.

விழாவன்று குளத்தைப் பார்த்ததுமே அவள் வைரவனைத் தேடி ஓடினாள். வரவேற்புக்காக நாலு கூடை ரோஜா இதழைத் தண்ணீரில் கொட்டியிருந்தார்கள். அடியில், உறிஞ்சும் துளையின் மேலிருந்த குமிழ் மூடியைக் கழற்றிவிட்டுத் ஓட்டைகள் போட்ட தட்டையான பித்தளைத் தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதில் வைரவனின் திருமுகம் பொறித்திருந்தது.

"சார், தட்டைத் தகடு கூடாது. மேல யாராவது உட்கார்ந்தா மொத்தத் துளையும் அடைச்சுக்கும், பம்பு ஆளை இழுத்துப் பிடிச்சுக்கும். பூவையாவது அள்ளச் சொல்லுங்க."

"விழா முடிஞ்சதும் எல்லாத்தையும் மாத்திடலாம். நீங்க உள்ள போங்க." அவள் போனதும் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. நடுவில் எழுந்து வந்து மானத்தை வாங்கிவிடக் கூடாதல்லவா!

மேடையில் கை உயர்ந்திருக்க வேண்டும், கைதட்டல் கேட்டது. அங்கயற்கண்ணி பம்பை நினைத்தாள். பம்பு உறுமி எழுந்தது. மணல் வடிகட்டியின் அழுத்தமானி முள் ஏறி, சரியான இடத்தில் நின்றது. ஆணையர் கவனத்தின் மகத்துவம் பற்றிப் பேசத் தொடங்கினார்.

சிறிது நேரத்தில் முள் மெல்ல இறங்கியது. பூவிதழ்கள் நீரின் மேல்மட்டத்தில் இருந்த உறிஞ்சும் வழியின் வலையை அடைத்துவிட்டன. இனி மொத்த இழுவையும் அடித்துளை வழியாகத்தான். அவள் கதவைத் தட்டினாள்.

"சார், நிறுத்தி வலையைச் சுத்தம் பண்ணணும்!"

"ஐயா பேசிக்கிட்டிருக்காரும்மா!" என்று அதட்டிவிட்டுப் போனது வைரவனின் குரல்.

மறுபடி முள் இறங்கியது. இந்த முறை ஒரேயடியாக. பம்பு ஜல்லியை அரைப்பதுபோல் கடகடத்தது. அடித்துளையையும் ஏதோ அடைத்துவிட்டது. அவள் பெஞ்சின் மேல் ஏறி, காற்றுப்போக்கி வழியாக எட்டிப் பார்த்தாள்.

தாளாளர் முகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டு வருவது என்று தண்ணீரில் இறங்கியிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குள் பந்தயம். நிலோபர் உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை. இதழ்களுக்கு அடியில் அவள் கைகள் அடித்துக்கொண்டன. "இன்னும் மூச்சுப் பிடிக்கிறாடி!" என்று தோழிகள் சிரித்தார்கள். இருநூறு பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கயற்கண்ணி கத்தினாள். ஒலிபெருக்கி அவளைவிடச் சத்தமாகக் கத்தியது. கதவை உதைத்தாள்; அது திறக்கவில்லை. நின்னு தொலை, நின்னு தொலை என்று பம்பைப் பார்த்து அலறினாள். அத்தனை ஆவேசமான கவனம் கிடைத்ததில் பம்பு இன்னும் வேகமாக ஓடியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதை நினைக்கவே கூடாது.

பம்புக்கு முதுகைக் காட்டி, மறுபடி பெஞ்சில் ஏறிக் காற்றுப்போக்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலோபரை மட்டும் பார்த்தாள். பின்னால் சத்தம் தணிந்தது. நிற்கிறதா என்று மனம் ஓடியது. பம்பு உறுமிக் கிளம்பியது. பல்லைக் கடித்தாள். 'நிலோபர். வலது காதுல தோடு இல்லை, நேத்து தொலைச்சிட்டா. ஓட்டத்துல கடைசியா வருவா, வந்து நான்தான் டீச்சர் ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லுவா. நிலோபர், உதைடீ. உதைடீ என் கண்ணு.' பம்பு நின்றதா என்று அவள் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பூக்களைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை மேலே வந்தது. இருமியது. அழுதது.

மேடையில் ஆணையர், தாம் கையை உயர்த்தி ஓட்டிய பம்பு பேச்சின் நடுவே நின்றுவிட்டதைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். அனுபவசாலி. சமாளித்துக்கொண்டார்: "குழந்தைக்கு ஆபத்து என்று உணர்ந்ததும் என் கவனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்." பொன்னாடை போர்த்தினார்கள்.

அங்கயற்கண்ணி விடவில்லை. தகட்டைக் கழற்றி, ஒன்று அடைத்தாலும் ஆளை இழுக்காதபடி இரண்டு துளைகளும் இரண்டு குமிழ் மூடிகளும் போட வைத்தாள். தாழ்ப்பாளைப் பிடுங்கி வைரவனின் மேசையிலேயே வைத்தாள். "நிறுத்துறதுக்கு ஒரு வழி வராம ஒரு பிள்ளையும் தண்ணியில எறங்காது சார்" என்று சொல்லி, குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டாள். விசாரணைக்கு ஆணையரே வந்தார்.

"அன்னிக்கு விழியில விழுந்த பதிவைப் பார்த்தோம்மா. இவ்வளவு தீவிரமான கவனத்தை எங்க விழி இதுவரைக்கும் படிச்சதே இல்லை. ஆனா பாருங்க, அது பம்பு மேல இல்லை. எவ்வளவு நல்ல கவனம், வீணாப் போயிடுச்சு" என்றார் நிஜமான வருத்தத்தோடு.

"வீணாவா சார்?"

"இனிமே போகாது. புது விழி, பம்பைத்தான்னு இல்லை, யாரை நினைச்சாலும் ஏத்துக்கிட்டுப் பம்பை ஓட்டும். சுவர் தாண்டியும் உங்க நெத்தியைப் படிக்கும். உங்களை அறைக்குள்ள அடைக்கவே வேண்டாம். பிள்ளைங்க பக்கத்துலயே நிக்கலாம்."

"நிறுத்துறதுக்கு?"

"கவனத்தை எடுத்தா நின்னுடப்போகுது! வேற என்னம்மா வழி வேணும்?"

புது விழியைப் பொருத்தியதும், அதுதான் வழி என்று வைரவன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பள்ளி முழுக்கக் காத்திருந்தது. நிலோபரும் இன்னும் நாலு பேரும் தொபுக்கென்று குதித்தார்கள். அங்கயற்கண்ணியின் கண்கள் தாமாக அவர்கள்மேல் போயின. சுவருக்கு அப்பால் பம்பு உறுமி எழுந்தது.

"ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!" அவள் குளத்தில் பாய்ந்தாள். பம்பு இன்னும் வேகமெடுத்தது. ஒவ்வொருவராகப் பிடித்துக் கரைக்குத் தள்ளினாள். குமிழ் மூடிகள் காப்பாற்றின, யாரும் சிக்கவில்லை. ஆணையர் கைதட்டினார்.

ஐந்து பிள்ளைகளும் கரையில் நடுங்கியபடி நின்றார்கள். அவளும் ஏறிவிட்டாள், குளத்தில் யாரும் இல்லை. பம்பு நிற்கவில்லை. அவள் இன்னும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.