கல்யாண் கிடங்கில் ஆள் இருக்கிறார்

“அப்ப அந்தப் படம் எங்கதான் இருக்கு தௌசீப்?”

“அத யாருமே கேக்க வேண்டாம்னுதானே ரெண்டு வருசமா நாயா அலைஞ்சோம். பேர அடிச்சாப் போதும், எங்க இருந்தாலும் வந்துரும்னு ஊரெல்லாம் சொன்னோமே!”

“அடிச்சியா?”

“காலைலேர்ந்து அதத்தான கீதா பண்ணுதேன். வந்தாத்தானே!”

தௌசீப் விசைப்பலகையைத் தள்ளிவிட்டான். செம்பூரில் அவர்கள் வேலை செய்த கட்டடத்தின் நிலவறைக்கு ஜன்னல் கிடையாது. மதிய நேரம்தான், வெளியே ஜூலை மழை கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஏசியின் இரைச்சலும், சேமிப்பு இயந்திரங்களின் பச்சைப் புள்ளிகளும் மட்டுமே.

ஐந்து மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்கள் எங்கெங்கோ கிடந்தன. முலுண்டில் டிஸ்கில், செம்பூரில் டிஸ்கில், கல்யாண் கிடங்கில் பழைய காந்த டேப்பில். அவை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் கட்டியவர்கள் தௌசீப்பும் கீதாவும். டாக்டர் நோயாளியின் பெயரை அடித்தால் போதும். படம் எந்த ஊரில், எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்ற கவலை அவருக்கு வேண்டாம். இன்று அந்த வாசலில் தௌசீப்பே நின்று தட்டிக்கொண்டிருந்தான். அடித்த பெயர் பரீஹா. அவன் மகள்.

கைப்பேசி அதிர்ந்தது. மருத்துவமனையிலிருந்து சைனப்.

“ஏங்க, டாக்டர் திரும்பவும் வந்துட்டுப் போறாரு. மூணு வருசத்துக்கு முந்தின படத்துல கட்டி இதே அளவுல இருந்தா தலையத் திறக்க வேண்டாமாம். படம் இல்லன்னா சாயங்காலம் உள்ள கொண்டு போயிருவாங்களாம்.”

“வந்துரும்மா.”

“இதத்தான் காலைலயும் சொன்னீங்க.”

அவள் வைத்துவிட்டாள். ஹெல்ப் டெஸ்க்காரன் புகார் டிக்கெட் போடச் சொன்னான். போட்டாயிற்று. பழைய மருத்துவமனைக்குப் பேசினால், “எல்லாம் உங்ககிட்டதானே பாய் இருக்கு” என்று சிரித்தார்கள். தௌசீப்புக்கு எதையாவது எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. கடைசியில், அவர்களே கட்டிய வாசலைத் தாண்டி, எந்தப் படம் எங்கே என்ற உள்பட்டியலையே திறந்து பார்த்தான். படம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

கீதா எட்டிப் பார்த்தாள். “கல்யாணா? அதத்தான் வெள்ளத்தோட மூடியாச்சே! நனைஞ்ச டேப்பெல்லாம் பங்கார்க்காரனுக்கு எடைக்குப் போட்டாச்சு. முலுண்ட்ல ஒரு காப்பி எடுக்கணும்னு சொன்னாங்களே?”

“சொன்னாங்க. எடுக்கல.”

கல்யாணின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க ஐந்து மருத்துவமனைகளும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு யார் அலைவது என்று அப்படியே விட்டிருந்தார்கள். அதனால் அவர்கள் கட்டிய வாசல், பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்திடமே இன்னமும் படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் அதே வரிதான்: டேப் மாட்டக் காத்திருக்கிறது. டேப் மாட்டக் காத்திருக்கிறது.

“விடுப்பா. கரண்ட்டே இல்லாத இடம் அது.”

அவன் விடவில்லை. வெறி பிடித்தவன் போல அதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினான்.

திரையில் வரி மாறியது.

டேப் மாட்டப்பட்டது. மாட்டியவர்: பிரம்மநாயகம்.

படம் இறங்கத் தொடங்கியது, நத்தை ஊர்வது போல.

“தௌசீப்,” கீதாவின் குரல் அடங்கிவிட்டது. “அண்ணாச்சி போன மழையிலயே...”

கல்யாண் கிடங்கில் டேப்பை எடுத்து மாட்ட இயந்திரக் கை கிடையாது. பிரம்மநாயகம் அண்ணாச்சிதான் அடுக்கிலிருந்து எடுத்து மாட்டுவார். போன வருடம் வெள்ளம் உள்ளே ஏறியபோது, கீழ் அடுக்கு டேப்புகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தது.

ஏசி இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் சலசலத்தது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. அதன் பின்னே, கருகிய வயரின் வாடை.

திரையின் ஓரத்தில், டேப் மாட்டுபவர் பேசுவதற்கென்று வைத்த சின்னப் பெட்டி திறந்தது. அண்ணாச்சி எப்போதும் போல ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார்.

“தம்பி, உள்ள தண்ணி வந்துட்டு. வாட்ச்மேனுக்குப் போன் போட்டு மெயின அணைக்கச் சொல்லுதியா?”

கீதா அவன் தோளைப் பிடித்தாள். “பதில் போடு.”

“என்னன்னு போட? மெயின அணைச்சா டேப் ஓட்டுற டிரைவ் நின்னுரும்.”

“பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு? அங்க டிரைவே கிடையாது!”

“தெரியும் கீதா. ஆனா வருது பாரு.”

படம் கால்வாசி இறங்கியிருந்தது.

“தம்பி, தண்ணி முட்டுக்கு வந்துட்டு.”

தௌசீப் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்தான். எடுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

பாதி.

கீதா குனிந்து தானே அடிக்கப் போனாள். அவன் விசைப்பலகையை மறித்துக்கொண்டு கவிழ்ந்தான். “என் பிள்ள கீதா,” என்றான். அவள் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்லத் தன் வாயைப் பொத்திக்கொண்டது.

“இருக்கியாய்யா?”

முக்கால்.

செருப்புக்குள் ஈரம் ஊறியது. அவன் கீழே பார்க்கவில்லை.

பெட்டியில் அதன் பிறகு எழுத்து வரவில்லை. அடிக்க வருவதும் நிற்பதுமாக மூன்று புள்ளிகள் மட்டும் துடித்தன. ஒருமுறை அவை வெகுநேரம் துடித்தன.

படம் முழுதாக வந்தது.

அவன் அதைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. டாக்டருக்கு அனுப்பினான். கீதா சுவரோடு ஒட்டி நின்றாள். அவனைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருந்த நேரம் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

சைனப் அழுதுகொண்டே பேசினாள். “ஏங்க! அதே அளவுதானாம். கொஞ்சங்கூட வளரலையாம். தலையத் திறக்க வேண்டாமாம். கேக்குதா? பரீஹா உங்ககிட்டப் பேசணுங்கா...”

“கேக்குது,” என்றான். முகம் நனைந்திருந்தது.

கைப்பேசியை இறக்கியபோது, அந்தச் சின்னப் பெட்டியில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

“பிள்ள படம் வந்துட்டா தம்பி? நல்லது. இப்பமாவது வாட்ச்மேனுக்கு ஒரு போன் போடுதியா?”