நாற்பதடி ஆழத்தில் ஒரு சிவப்புச் சட்டை!

போன் அலறியது.

பிரின்சி எடுக்கவில்லை. விரல்கள் முழுக்க சிலிகான் கிரீஸ். மடியில் ஹவுசிங். கேமராவைத் தண்ணீர் தொடாமல் மூடிக் காக்கும் கெட்டிப் பெட்டி அது. அதன் வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும்... உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். அப்புறம் கேமராவுக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான்!

போன் மறுபடி அலறியது.

"ஏங்க, அதைக் கொஞ்சம் எடுங்களேன்!"

கணவன் சார்லஸ் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"தண்ணிக்குள்ள எறங்கிப் போட்டோ எடுக்குற மேடம் இருக்காங்களா?"

"இருக்காங்க. கல்யாண ஜோடியா? கெணறா, கடலா?"

"ஜோடி இல்ல சார்... ஒத்த ஆளு."

"பேரு?"

"பேரு எதுக்கு சார்... பொணம்!"

அரைமணி நேரத்தில் கீழராஜவீதியில் இருந்த அவர்கள் ஸ்டூடியோவின் மாடிப்படியேறி வந்தான், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன்.

அழகுமலை. முப்பது வயது. அரிமளத்துக்காரன். குவைத்தில் வேலை. கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தான். வருகிற வியாழக்கிழமை முகூர்த்தம். முகத்தைப் பார்த்தால் மாப்பிள்ளைக் களை ஒரு துளி இல்லை. தூக்குக்கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தவன் போலிருந்தான்.

"செம்மல்னு என் உசிருக்கூட்டாளி மேடம். அஞ்சு நாளைக்கு முன்னாடி எங்க ஊருப் பழைய குவாரி மேட்டுல ஒக்காந்திருந்தோம். 'அருணாவுக்கு ஒன்னயப் புடிக்கலடா'ன்னான்."

"அருணா யாரு?"

"நான் கட்டிக்கப் போற புள்ள. கோவத்துல ஒரு தள்ளு தள்ளிட்டேன். தண்ணில விழுந்தவன் மேல வரவே இல்ல! நான்... ஓடியாந்துட்டேன்."

"ஓடியாந்துட்டீங்களா?" பிரின்சியின் குரல் உயர்ந்தது. "ஒரு கயித்தத் தூக்கிப் போடல? ஆளக் கூப்புடல?"

அவன் தலை குனிந்தான்.

"அவன் போன் சுவிட்ச் ஆப். அவுங்க வீட்ல, திருப்பூர் போயிருக்கான்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நேத்து சாயங்காலம் தெரியாத நம்பர்லேருந்து இது வந்துச்சு மேடம்..."

போனை நீட்டினான்.

தண்ணீருக்குள் ஒரு மனிதன். சிவப்புச் சட்டை. விரிந்து மிதக்கும் கைகள். வெறித்த கண்கள்!

கீழே ஒரு செய்தி: 'கல்யாணத்த நிறுத்து. குவைத்துக்கே போயிடு. இல்லேன்னா இந்தப் படம் போலீசுக்குப் போகும்.'

"ஏசுவே!" சார்லஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

பிரின்சி படத்தை விரல்களால் விரித்தாள். மூக்கை விரித்தாள். சட்டையை விரித்தாள்.

சிரித்தாள்!

"மேடம்?"

"கன்னத்தப் பாருங்க. பூரி மாதிரி உப்பியிருக்கு. செத்த ஆளு எதுக்குங்க மூச்சப் புடிக்கப் போறாரு? மூக்கு நுனியில முத்து முத்தாக் காத்துக் குமிழி... இப்பத்தான் தண்ணிக்குள்ள போன மூஞ்சி இது!"

"அப்ப..."

"இருங்க. ஆழத்துக்குப் போகப் போக சிவப்பு நெறந்தான் மொதல்ல சாகும். நாப்பதடியில ரத்தமே கறுப்பாத்தான் தெரியும். இந்தச் சட்டை நெருப்பா எரியுது. கிட்டக்க லைட் அடிச்சு, ஹவுசிங் போட்ட கேமராவுல எடுத்திருக்காங்க. நல்லாப் பழகுன கை!"

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க மேடம்." அவன் கும்பிட்டான். "எறங்கிப் பாத்துச் சொல்லுங்க. பொணம் கெடந்தா நானே நேரா ஸ்டேசனுக்குப் போயிடுறேன்."

பிரின்சிக்கும் ஒரு சந்தேகம் வந்தது.

படம் எடுக்கும்போது செம்மல் உயிரோடு இருந்தான். சரி...

எடுத்து முடித்த பிறகு?

அன்றைக்கே காலை பதினொரு மணி. குவாரித் தண்ணீர் பச்சைக் கண்ணாடியாய்க் கிடந்தது.

வெறும் ஹவுசிங்குக்குள் டிஷ்யூ பேப்பரை வைத்து, கல்லோடு கட்டிக் கயிற்றில் இறக்கிப் பார்த்தான் சார்லஸ். பேப்பர் நனையாமல் மேலே வந்தது. கேமராவை உள்ளே பூட்டினாள் பிரின்சி. சிலிண்டரை மாட்டினாள். இடுப்புக் கயிற்றின் மறுமுனை சார்லஸ் கையில்.

"ரெண்டு இழுப்பு இழுத்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். நாலு இழுத்தா தூக்கிருங்க."

"மூணு இழுத்தா?"

"எண்ணத் தெரியாமப் போச்சுன்னு அர்த்தம்!"

குதித்தாள்.

பத்தடி... இருபதடி... பச்சை கறுத்தது. சுவரோரமாக கிளிக்... கிளிக்...

நாற்பதடி. லைட்டைத் தரைப்பக்கம் திருப்பினாள்.

ஒரு கை!

விறைத்த ஐந்து விரல்கள், 'வா' என்று கூப்பிட்டன.

பிரின்சியின் மூச்சுக் குமிழிகள் தாறுமாறாய்ப் பறந்தன. லைட்டை மெல்ல நகர்த்தினாள். முழங்கை... தோள்... மார்பு... கழுத்து...

தலையைக் காணோம்!

ஒரு கிளிக். கிட்டே போய்த் தொட்டாள். 'டொக்' என்றது. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. லைட் அடித்துப் படித்தாள்.

'ஆடித் தள்ளுபடி!'

துணிக்கடைப் பொம்மை! சிரித்த சிரிப்பில் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

இருபது நிமிடம் மூலை முடுக்கெல்லாம் துழாவிவிட்டு மேலே வந்தாள்.

"பொணம் இல்ல!"

அழகுமலை அப்படியே பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். ஐந்து நாள் அழுகை.

"அழுது முடிச்சிட்டு இங்கிட்டு வாங்க." அவள் எடுத்த படத்தையும் அவன் போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். "இங்க சுவரு கருங்கல்லு. மிஷின் போட்ட தொளை வரிவரியா இருக்கு. அந்தப் படத்துல பின்னாடி என்ன தெரியுது?"

"செவப்பா... பொத்தல் பொத்தலா..."

"செம்புராங்கல்லு!" என்றான் சார்லஸ். "கெணத்துச் சுவரு!"

"ஓரத்துல பாருங்க. நீலப் பைப்பு. அதுல பச்சை நைலான் கயித்துல முடிச்சு."

அழகுமலையின் கண்கள் விரிந்தன.

"அது நான் போட்ட முடிச்சு மேடம்! அருணா வீட்டுத் தோட்டத்துக் கெணறு... மோட்டார் எறக்குனப்ப நானும் கூட நின்னேன்!" எழுந்துவிட்டான். "ஐயையோ... அவுங்க அப்பா அம்மா பத்திரிகை வைக்க ஆவுடையார்கோவில் போயிருக்காங்க. அருணா ஒத்தையில இருப்பா! எவனோ அங்க..."

கார் சீறியது.

தோட்டத்துக் கொடிக்கயிற்றில் ஒரு சிவப்புச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது!

மோட்டார் ரூம் வாசலில், கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் பரோட்டாப் பொட்டலத்தோடு ஒருவன்.

"செம்மலு!"

செம்மலுக்குப் பரோட்டா தொண்டையில் நின்றது. அழகுமலை பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்தான். அழுதான். அப்புறம் ஞாபகம் வந்து பளாரென்று ஒன்று விட்டான்.

"அருணாவ என்னடா பண்ணுன? எங்க அவ?"

கன்னத்தைத் தடவியபடி செம்மல் கிணற்றைக் காட்டினான்.

"அடப்பாவி! தள்ளிட்டியா?"

"நான் ஏன்டா தள்றேன்? ஆமையப் படம் எடுக்கப் போயிருக்கு. பொணம் போரடிச்சிருச்சாம்!"

கிணற்றில் சலசலப்பு.

முதலில் ஒரு லைட். அடுத்து, சின்ன ஹவுசிங்குக்குள் ஒரு கேமரா. அப்புறம் சொட்டச் சொட்ட நனைந்த ஒரு தலை.

அருணா!

பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். நீச்சலில் மாவட்ட அளவில் மெடல் வாங்கியவள்.

"நீயா... எடுத்த?" என்றான் அழகுமலை.

அருணா படியேறி வந்தாள். மிரளவில்லை.

"நாந்தான். ஒங்களப் புடிக்கலன்னு ஒங்க அம்மாகிட்ட சொன்னேன். வெக்கப்படுறேன்னாங்க. எங்க அப்பாகிட்ட சொன்னேன். போகப் போகச் சரியாயிரும்னாரு. போன்ல ஒங்ககிட்டயே சொன்னேன். சிரிச்சீங்க! கடைசியா செம்மல்கிட்ட சொல்லிவிட்டேன். அவனத் தண்ணிக்குள்ளயே தள்ளிட்டீங்க! பாறை இடுக்குல மறைஞ்சு எந்திரிச்சு இங்க ஓடியாந்தான். அப்பத்தான் இந்த யோசனை வந்துச்சு."



"இவரு தள்ளுனது தப்பு, ஓடுனது பெரிய தப்பு," என்றாள் பிரின்சி. "அதுக்காக ஒரு மனுசனக் கொலகாரனா நடுங்க விடலாமாம்மா?"

அருணாவின் கண் கலங்கியது. "தப்புதான்க்கா. வேற எதுவும் இவுங்க காதுல ஏறல."

அழகுமலை நீளமாக மூச்சு விட்டான்.

"செத்தவன் பொழச்சிட்டான். எனக்கு அது போதும். கல்யாணம் வேணாம்னு எங்க வீட்ல நானே சொல்லிக்கிறேன் அருணா."

செம்மல் அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டான்.

"அப்ப அருணா... நம்ம விசயம்?"

"எந்த நம்ம? நீ பொணமா நடிக்க வந்த ஆளு! மேல ஏதாச்சும் பேசுன... நெசமாவே ஆக்கிருவேன்!"

பிரின்சி அருணாவின் கேமராவை வாங்கிப் பார்த்தாள். ஆமையின் கண்ணிமைச் சுருக்கம் வரை பளிச்சென்று விழுந்திருந்தது.

"சிலிண்டர் இல்லாம எவ்வளவு நேரம் உள்ள இருப்ப?"

"ஒன்னரை நிமிசம்க்கா."

"சிலிண்டர் மாட்டிப் பழகிக்கிறியா? மணமேல்குடிக் கடல்ல ஒரு வேலை வருது. எனக்கு ஆளு வேணும்."

அருணா முதல் தடவையாகச் சிரித்தாள்.

அழகுமலைக்கு மட்டும் புதிதாய் ஒரு கவலை முளைத்தது.

"மண்டபம் பேசியாச்சு. சமையக்காரருக்குச் சொல்லியாச்சு. எண்ணூறு பேரு வருவாங்க... வியாழக்கெழம வந்து எதுக்குச் சாப்பாடுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

சார்லஸ் அவன் தோளில் கை போட்டான்.

"எதையும் நிறுத்தாதீங்க தம்பி. செம்மலுக்குக் கருமாதின்னு சொல்லிருவோம்... பந்தியில மொத எலைய அவருக்கே போட்டுருவோம்!"